சாலையா, இருப்புப் பாதையா? — லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் கற்பிக்கும் பாடம்

நகரம் என்பது மக்கள் ஒருவரையொருவர் எளிதில் அடைவதற்காகக் கூடி வாழும் இடம். தொழிலாளி தொழிற்சாலையையும், மாணவன் கல்லூரியையும், நோயாளி மருத்துவமனையையும் உரிய காலத்தில் அடைய வேண்டும். அடைய இயலாதபோது, எத்தனை மாடமாளிகைகள் இருந்தாலும் அந்நகரம் தன் பொருளை இழந்து விடுகிறது. ஆகவே போக்குவரத்து நெரிசல் என்பது வண்டி ஓட்டுவோரின் தொல்லை மட்டும் அன்று. நகர வாழ்வின் அடிப்படையைத் தொடும் சிக்கல் ஆகும்.

இச்சிக்கலைத் தீர்க்க இரண்டு வழிகள் பெரும்பாலும் கூறப்படுகின்றன. சாலைகளை அகலப்படுத்துக, மேம்பாலங்களைக் கட்டுக என்பது ஒன்று. இருப்புப் பாதை அமைத்து, மக்களைக் கூட்டமாக ஏற்றிச் செல்க என்பது மற்றொன்று. இரு கட்சியாரும் தத்தம் வழியே நெரிசலைப் போக்கும் என்று உறுதி கூறுவர். அவ்வுறுதி உண்மைதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆராய்ச்சிக்கு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தை எடுத்துக்கொள்வோம். ரயிலால் வளர்ந்து, ரயிலைக் கைவிட்டுச் சாலையை நம்பி, பின்னர் மீண்டும் ரயிலை நாடிய நகரம் அது. இரு வழிகளையும் முற்றச் சோதித்துப் பார்த்த நகரத்திடம் கற்பதற்கு நிறைய உண்டு.

1. சிவப்பு வண்டிகளின் காலம்

லாஸ் ஏஞ்சலிஸ் காருக்கென்றே பிறந்த நகரம் என்று பலர் எண்ணுகின்றனர். வரலாறு வேறு கூறுகிறது. 1901ஆம் ஆண்டில் ஹென்றி ஹண்டிங்டன் என்னும் செல்வர் பசிபிக் எலக்ட்ரிக் என்ற மின்சார ரயில் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அதன் சிவப்பு வண்டிகள் நகரத்தினின்று லாங் பீச், பாசடேனா, சாண்டா மோனிகா முதலிய ஊர்களுக்கு ஓடின. 1920களில் அதன் இருப்புப் பாதை ஆயிரம் மைலுக்கு மேல் நீண்டிருந்தது. நகரத் தெருக்களுக்குள் வேறொரு நிறுவனத்தின் மஞ்சள் டிராம்கள் ஓடின.

ஹண்டிங்டன் ரயில் ஓட்டியது பயணக் கட்டணத்தை மட்டும் நம்பியன்று. ஊருக்கு வெளியே கிடந்த நிலத்தை அவருடைய நிறுவனங்கள் வாங்கும். ரயில் அங்குச் செல்லும். நிலம் மனைகளாக விலைபோகும். மனைகள் விற்கும் வரையில் இம்முறை நன்றாகவே நடந்தது. விற்றுத் தீர்ந்த பின்னர், ரயில் கட்டணத்தை மட்டும் கொண்டு வாழவேண்டியதாயிற்று. அதற்குள் தெருக்களில் கார்கள் பெருகிவிட்டன. நகர மையத்தில் டிராமும் காரும் ஒரே தெருவைப் பங்கிட்டுக் கொண்டதால், கார்களின் நெரிசலில் டிராமும் சிக்கிக்கொண்டது. தாமதம் மிகுந்தது; பயணிகள் குறைந்தனர்; வருவாய் குறைந்தது; வண்டிகள் பழையனவாகின. 1925ஆம் ஆண்டில் சுரங்கப் பாதைகளும் உயர்பாதைகளும் கட்ட வேண்டும் என்று நிபுணர்கள் அறிக்கை தந்தனர். அத்திட்டம் நிறைவேறவில்லை.

ஈண்டு ஒரு செய்தியைத் தெளிவுபடுத்த வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் முதலிய நிறுவனங்கள் சூழ்ச்சி செய்து டிராம்களை ஒழித்தன என்று கூறுவதுண்டு. இதில் ஒரு பகுதி உண்மை இருக்கிறது. நேஷனல் சிட்டி லைன்ஸ் என்ற நிறுவனத்திற்கு ஜெனரல் மோட்டார்ஸ், பயர்ஸ்டோன், எண்ணெய் நிறுவனங்கள் முதலியன பணம் அளித்தன. அந்நிறுவனம் 1940களில் மஞ்சள் டிராம்களைத் தன்வசமாக்கிக்கொண்டது. பஸ்களையும் அவற்றிற்கு வேண்டிய பொருள்களையும் தாமே விற்க ஏகபோகம் தேடினர் என்று 1949ஆம் ஆண்டில் அந்நிறுவனங்கள் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றன. போக்குவரத்துத் தொழிலையே ஏகபோகமாக்க முயன்றனர் என்ற மற்றொரு குற்றச்சாட்டினின்று விடுதலை பெற்றன. ஆனால் புகழ்பெற்ற சிவப்பு வண்டிகள் அந்நிறுவனத்தின் உடைமையாக இருந்ததே இல்லை. எனவே சூழ்ச்சி இருந்தது. ஆயினும் நோய் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதே பொருந்தும். லாங் பீச்சுக்குச் சென்ற கடைசிச் சிவப்பு வண்டி 1961 ஏப்ரலில் நின்றது. கடைசி டிராம் 1963 மார்ச்சில் நின்றது.

2. தடையிலாச் சாலைகளின் எழுச்சி

1940 டிசம்பர் 30ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிசையும் பாசடேனாவையும் இணைக்கும் அரோயோ செக்கோ சாலை திறக்கப்பட்டது. குறுக்குச் சாலை இல்லை. சிக்னல் விளக்கு இல்லை. ஏறவும் இறங்கவும் தனி வழிகள். இத்தகைய சாலையை அமெரிக்கர் பிரீவே என்பர். நாம் தடையிலாச் சாலை எனலாம். நாளொன்றுக்கு 27,000 வண்டிகள் மணிக்கு 45 மைல் வேகத்தில் செல்வதற்காக அது அமைக்கப்பட்டது. பிற்காலத்தில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட வண்டிகள் நாள்தோறும் அதில் ஓடலாயின. இந்த ஓர் எண்ணிக்கையிலேயே நம் பாடத்தின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

பணம் எவ்வாறு வந்தது? 1947ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநிலம் பெட்ரோல் வரியை உயர்த்தி அதைச் சாலைகளுக்கென ஒதுக்கியது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நாடெங்கும் 41,000 மைல் நெடுஞ்சாலை அமைக்கும் செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை மத்திய அரசாங்கம் ஏற்றது. பத்து டாலர் மதிப்புள்ள சாலை ஒரு டாலருக்குக் கிடைக்குமானால் எந்த மாநிலம் வேண்டாமென்று கூறும்? ரயிலுக்கோ அத்தகைய நிதி அப்போது கிடையாது. இரு வழிகளும் ஒரே தராசில் நிறுக்கப்படவில்லை என்பதை நாம் மறத்தல் கூடாது.

சாலை எவர் வீட்டின்மீது சென்றது என்பதும் கேட்கத்தக்க வினா. நகரின் மேற்கு ஆடம்ஸ் பகுதியில் சுகர் ஹில் என்றோர் இடம் இருந்தது. கறுப்பின மக்களுள் வசதி பெற்றோர் அங்கு வீடு வாங்கிக் குடியேறினர். ஆஸ்கார் பரிசு பெற்ற நடிகை ஹாட்டி மக்டேனியல் அவர்களுள் ஒருவர். வெள்ளையர் அல்லாதார் குடியிருக்கக் கூடாது என்ற நிலப்பத்திர விதியை எதிர்த்து அவர்கள் 1945ஆம் ஆண்டில் வழக்கில் வென்றனர். வழக்கில் வென்ற அந்த இடத்தை 1960களில் சாண்டா மோனிகா தடையிலாச் சாலை ஊடறுத்துச் சென்றது. மெக்சிகோ மரபினர் மிகுதியாக வாழ்ந்த பாயில் ஹைட்ஸ் பகுதியைப் பல பெருஞ்சாலைகள் கூறுபோட்டன. செல்வர் வாழும் பெவர்லி ஹில்ஸ் வழியாகவும் ஒரு சாலை திட்டமிடப்பட்டது. எதிர்ப்பு வலுக்கவே, அத்திட்டம் 1975ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. வரைபடத்தில் எல்லாக் கோடுகளும் ஒரே மையால்தான் வரையப்பட்டன. ஆனால் எல்லாக் கோடுகளும் சாலையாகவில்லை.

3. ஓட்டத்தின் கணக்கு

இனி, சாலையில் வண்டிகள் ஓடும் முறையைச் சிறிது கணக்காகக் காண்போம். கணக்கென்று அஞ்ச வேண்டியதில்லை. பெருக்கல் தெரிந்தால் போதும்.

ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள தடத்தில் எத்தனை வண்டிகள் இருக்கின்றனவோ அதனை நெருக்கம் என்க. ஒரு மணி நேரத்தில் ஓரிடத்தைக் கடக்கும் வண்டிகளின் எண்ணிக்கையை ஓட்டம் என்க. நெருக்கத்தை வேகத்தால் பெருக்கினால் ஓட்டம் கிடைக்கும். நெருக்கம் கூடக்கூட வேகம் குறையும் என்பது நாம் அறிந்ததே. இக்குறைவு நேர்கோடாக அமைகிறது என்று கிரீன்ஷீல்ட்ஸ் என்பார் 1935ஆம் ஆண்டில் கூறினார். இது தோராயமானதே, எனினும் கற்பதற்கு ஏற்றது.

ஆளில்லாச் சாலையில் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர் என்றும், கிலோமீட்டருக்கு 100 வண்டிகள் நிறைந்தால் எல்லாம் நின்றுவிடும் என்றும் கொள்வோம். அப்பொழுது,

நெருக்கம் 20 எனில், வேகம் 64, ஓட்டம் 1,280.
நெருக்கம் 50 எனில், வேகம் 40, ஓட்டம் 2,000.
நெருக்கம் 80 எனில், வேகம் 16, ஓட்டம் 1,280.

முதல் வரியையும் மூன்றாம் வரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிலும் மணிக்குக் கடக்கும் வண்டிகள் 1,280தாம். ஆனால் ஒன்றில் வேகம் 64, மற்றொன்றில் 16. உச்ச ஓட்டமாகிய 2,000 என்னும் எல்லையைத் தாண்டி வண்டிகளைத் திணித்தால், சாலை அதிக வண்டிகளைக் கடத்துவதில்லை. குறைவான வண்டிகளையே கடத்துகிறது. நெரிசல் நேரத்தில் சாலை தன் முழுப் பணியைச் செய்கிறது என்பது தவறு. அந்நேரத்தில்தான் அது தன் ஆற்றலை இழந்து கிடக்கிறது.

மற்றொரு கணக்கு. ஒரு தடம் மணிக்கு 2,000 வண்டிகளையே கடத்தும். இரண்டு மணி நேரம் தொடர்ந்து மணிக்கு 2,200 வண்டிகள் வந்தால் என்ன ஆகும்? முடிவில் 400 வண்டிகள் வரிசையில் தேங்கி நிற்கும். கடைசி வண்டி 12 நிமிடம் காத்திருக்க வேண்டும். இப்பொழுது பதினொரு வண்டிகளில் ஒன்றை மட்டும் நீக்கிவிடுக. வருவன 2,000, தேக்கம் சுழி, காத்திருப்பும் சுழி. பதினொன்றில் ஒரு பங்கு வண்டியைக் குறைத்தால் தாமதம் பதினொன்றில் ஒரு பங்கா குறைந்தது? முழுவதும் மறைந்தது. இந்த முடிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் பயன்படும்.

மூன்றாவது கணக்கு வண்டிகளைப் பற்றியதன்று, மனிதரைப் பற்றியது. ஒரு காரில் சராசரி ஒன்றேகால் பேர் எனில், ஒரு தடம் மணிக்கு 2,500 பேரைக் கடத்தும். நிமிடத்திற்கு ஒரு பஸ், பஸ்ஸில் 50 பேர் எனில், 3,000 பேர். நான்கு நிமிடத்திற்கு ஒரு ரயில், ரயிலில் 1,000 பேர் எனில், 15,000 பேர். அஃதாவது ஓர் இருப்புப் பாதை ஆறு தடங்களின் பணியைச் செய்யும். ஆனால் இங்கே ஒரு நிபந்தனை உண்டு: ரயில் நிறைய வேண்டும். காலியாக ஓடும் ரயில் எவரையும் கடத்துவதில்லை.

4. அகலப்படுத்தினால் ஏன் தீருவதில்லை?

நான்கு தடத்தில் நெரிசல். ஆறு தடம் ஆக்கினால் தீரும் என்பது இயல்பாகத் தோன்றும் எண்ணம். தண்ணீர்க் குழாய்க்கு அது பொருந்தும். மனிதருக்குப் பொருந்துவதில்லை. தண்ணீருக்கு விருப்பம் இல்லை; மனிதருக்கு உண்டு.

ஆந்தனி டவுன்ஸ் என்னும் பொருளியல் அறிஞர் 1962ஆம் ஆண்டிலேயே இதனை விளக்கினார். சாலை அகலமானதும் மூவகையினர் அங்கு வந்து கூடுவர். முன்பு வேறு சாலையில் சென்றோர் இதற்கு வருவர். நெரிசலுக்கு அஞ்சி அதிகாலையிலோ இரவிலோ சென்றோர் உச்ச நேரத்திற்கு வருவர். ரயிலிலும் பஸ்ஸிலும் சென்றோர் காருக்கு வருவர். இவர்கள் வந்து சேரும்வரை சாலை வேகமாக இருக்கும். வந்து சேர்ந்ததும் பழைய நிலைக்குத் திரும்பும். ஆண்டுகள் செல்லச்செல்ல நான்காம் வகையினரும் வருவர்: சாலையை நம்பித் தொலைவில் வீடு கட்டிக்கொண்டோர்.

டுராண்டன், டர்னர் என்ற இருவர் அமெரிக்க நகரங்களின் கணக்கை ஆராய்ந்து 2011ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நகரத்துப் பெருஞ்சாலைத் தடங்களின் நீளம் நூற்றுக்குப் பத்து கூடினால், வண்டிகள் ஓடும் மொத்தத் தொலைவும் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து கூடுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு.

லாஸ் ஏஞ்சலிசில் செபுல்வெடா கணவாய் வழியே செல்லும் 405ஆம் எண் சாலைக்கு எடுத்துக்காட்டாக நிற்கும் தகுதி உண்டு. 2009இல் தொடங்கி 2014இல், நூறு கோடி டாலருக்கு மேற்பட்ட செலவில், ஒரு பக்கம் பத்து மைல் அளவிற்கு ஒரு தடம் சேர்க்கப்பட்டது. பலர் சேர்ந்து செல்லும் கார்களுக்கான தடம் அது. உச்ச நேர நெரிசல் தீர்ந்ததா? இல்லை. ஆனால் முன்னைவிட அதிக வண்டிகள் செல்கின்றன என்றும், நெரிசல் நீடிக்கும் மணிகள் குறைந்தன என்றும் அதிகாரிகள் எடுத்துக்காட்டினர். அதுவும் ஒரு பயனே. சாலை கட்டினால் பயனே இல்லை என்பது நம் முடிவன்று. அதிகம் பேர் பயணம் செய்கின்றனர், அது நன்மையே. நெரிசல் தீரும் என்று கூறி அதனை விற்பதுதான் பிழை.

5. மீண்டும் இருப்புப் பாதை

டிராம்கள் மறைந்த ஐந்தே ஆண்டுகளில், ரயில் வேண்டுமா என்று மக்களிடம் வாக்குக் கேட்கப்பட்டது. 1968, 1974, 1976 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மக்கள் மறுத்தனர். 1980ஆம் ஆண்டில், விற்பனை வரியில் டாலருக்கு அரை சென்ட் கூட்டிப் போக்குவரத்துக்கு அளிக்க இசைந்தனர். அப்பணத்தால் 1990 ஜூலையில் நீல ரயில் லாங் பீச்சுக்கு ஓடியது. பெரும்பகுதியும் கடைசிச் சிவப்பு வண்டி சென்ற அதே பாதையில். 29 ஆண்டுகளுக்கு முன் கைவிட்டதைப் பெரும்பொருள் கொடுத்து மீட்டுக்கொண்டனர்.

சுரங்க ரயில் 1993இல் முதல் பகுதி திறந்தது. அது மக்கள் நெருக்கம் மிகுந்த வில்ஷயர் பெருவீதியின் கீழே மேற்கு நோக்கிச் செல்லவேண்டும் என்பதே திட்டம். ஆனால் 1985ஆம் ஆண்டில் அப்பகுதியில் நிலத்தடி மீதேன் வாயு ஒரு கடையில் வெடித்தது. அதைக் காரணமாகக் கொண்டு அங்குச் சுரங்கம் தோண்ட மத்திய அரசின் பணம் தடை செய்யப்பட்டது. அத்தடை 2007இல்தான் நீங்கியது. அச்சம் நியாயமானதா, அயலார் வருகையை விரும்பாதோர் அதைப் பயன்படுத்திக் கொண்டனரா என்பது இன்றும் வாதத்திற்குரியது. விளைவு ஒன்றே: ரயில் எங்கு அதிகம் தேவையோ அங்கு இருபது ஆண்டுகள் அது செல்லவில்லை.

2008, 2016 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் இரு வரிகளை மக்கள் ஏற்றனர். மூன்றில் இரு பங்கு வாக்கு வேண்டும் என்பது விதி. இரு முறையும் அதற்கு மேலேயே கிடைத்தது. காரின் தலைநகரம் தானே விரும்பி ரயிலுக்கு வரி கொடுத்தது.

6. ரயிலுக்கு எதிரான வழக்கு

இவ்வளவும் கூறியபின், ரயிலே தீர்வு என்று முடித்துவிடலாமா? முடித்தால் அது ஆராய்ச்சி ஆகாது. எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்க வேண்டும்.

முதல் வாதம்: மேலே கூறிய டுராண்டன், டர்னர் இருவரும் மற்றொன்றையும் கண்டனர். பொதுப் போக்குவரத்தைப் பெருக்கினாலும் சாலையில் ஓடும் மொத்தத் தொலைவு குறைவதில்லை. காரணம் எளிது. ரயிலில் ஏறியவன் சாலையில் விட்டுச்சென்ற இடத்தை வேறொருவன் வந்து நிரப்புகிறான். சாலைக்குக் கூறிய மூவகைக் கூட்டம் இதற்கும் பொருந்தும். ரயிலை ஆதரிப்போர் ஒரு கையால் அவ்விதியை எடுத்துச் சாலையை அடித்துவிட்டு, மறு கையால் அதை மறைத்தல் நேர்மை ஆகாது.

இரண்டாம் வாதம் இன்னும் கூர்மையானது. ஏழை மக்கள் கூறியது. லாஸ் ஏஞ்சலிசில் பொதுப் போக்குவரத்தை நம்பியோரில் மிகப் பெரும்பாலோர் பஸ் பயணிகள். வீட்டு வேலை செய்வோர், தையல் தொழிலாளர், மாணவர், முதியோர். 1994ஆம் ஆண்டில் போக்குவரத்துத் துறை ரயில் கட்டுமானத்தைத் தொடர்ந்துகொண்டே, பஸ் கட்டணத்தை 1 டாலர் 10 சென்ட்டிலிருந்து 1 டாலர் 35 சென்ட்டாக உயர்த்தவும், 42 டாலர் மாதச் சீட்டை ஒழிக்கவும் முற்பட்டது. பஸ் பயணிகள் சங்கத்தார் நீதிமன்றம் சென்றனர். நிற்கவும் இடமின்றி நெரியும் பஸ்ஸில் ஏழைகள் தொங்கிச் செல்ல, வரிப்பணமெல்லாம் வசதி படைத்த புறநகருக்கு ரயிலாகச் செல்வது இன வேற்றுமை ஆகும் என்பது அவர்கள் வழக்கு. 1996ஆம் ஆண்டில் உடன்பாடு ஏற்பட்டது. மாதச் சீட்டு நிலைத்தது. பஸ்களின் நெரிசலைக் குறைக்கத் துறை கடமைப்பட்டது. பத்து ஆண்டுகள் அவ்வுடன்பாடு நடைமுறையில் இருந்தது.

இதற்குத் துணையாக நிற்கும் செய்தி ஒன்று உண்டு. 1980ஆம் ஆண்டு வரியின் ஒரு பகுதியைக் கொண்டு, 1982 முதல் மூன்றாண்டுகள் பஸ் கட்டணத்தை 85 சென்ட்டிலிருந்து 50 சென்ட்டாகக் குறைத்தனர். பயணங்கள் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது கூடின. புதிய பாதை இல்லை, சுரங்கம் இல்லை. கட்டணம் குறைந்தது, அவ்வளவே. சலுகை முடிந்ததும் பயணங்கள் மீண்டும் குறைந்தன. ரயில் பாதையைத் திறந்து வைக்கத் தலைவர்கள் வருவர். கட்டணம் குறைவதற்கு நாடா வெட்டும் விழா இல்லை.

7. முப்பத்தைந்து நாள் வேலைநிறுத்தம்

இரு கட்சிக்கும் இடையே தீர்ப்புக் கூற ஓர் ஆய்வு வேண்டும். விஞ்ஞான மாணவர்களாகிய நாம் சோதனைச் சாலையில் ஒரு பொருளை நீக்கிவிட்டு விளைவைப் பார்க்கிறோம். ஒரு நகரத்தில் ரயிலையும் பஸ்ஸையும் நீக்கிப் பார்ப்பது எப்படி? 2003ஆம் ஆண்டு அக்டோபரில் அது தானே நிகழ்ந்தது. போக்குவரத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் முக்கிய பஸ்களும் ரயில்களும் 35 நாள் ஓடவில்லை.

தடையிலாச் சாலைகளில் வேகத்தை அளக்கும் கருவிகள் முன்னரே பதிக்கப்பட்டிருந்தன. மைக்கேல் ஆண்டர்சன் என்னும் பொருளியல் அறிஞர் அவ்வளவுகளை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார். அந்நாட்களில் சாலைகளின் சராசரித் தாமதம் நூற்றுக்கு 47 உயர்ந்தது என்பது அவர் கண்ட முடிவு.

அந்நகரில் பொதுப் போக்குவரத்தில் செல்வோர் மிகச் சிறுபான்மையோர். அவர்களின்றி இத்துணைத் தாமதம் எவ்வாறு ஏற்பட்டது? முன்பு கண்ட இரண்டாம் கணக்கை நினைவு கூர்க. பதினொன்றில் ஒரு வண்டிதான் தாமதம் முழுவதையும் உண்டாக்கியது. பஸ்ஸிலும் ரயிலிலும் செல்வோர் நகரெங்கும் சமமாகப் பரந்திருப்பதில்லை. எந்தச் சாலை மிகவும் நெரிகிறதோ அதையொட்டி, எந்த நேரம் மிகவும் நெரிகிறதோ அந்நேரத்தில்தான் மிகுதியாகச் செல்கின்றனர். அவர்களில் சிலர் காருக்கு மாறினாலும் சாலை எல்லையைக் கடந்துவிடுகிறது.

அப்படியாயின் இவ்விரு ஆய்வுகளும் முரண்படுகின்றனவா? இல்லை. வேலைநிறுத்தம் 35 நாளில் முடிந்தது. மக்கள் வீட்டையோ வேலையையோ மாற்றிக்கொள்ளக் காலம் இல்லை. மற்ற ஆய்வோ பல ஆண்டுகளின் மாற்றத்தை அளந்தது. இன்று ரயிலை நிறுத்தினால் நாளை துன்பம் உறுதி. ரயிலைக் கட்டினால், காலப்போக்கில் சாலை மீண்டும் நிரம்பும். ஆனால் நகரம் முன்னைவிட அதிக மக்களைத் தாங்கும். நிரம்பிய சாலைக்கு அருகில், நிரம்பாத ஒரு வழி இருக்கும். காரில்லாதவன் நெரிசலுக்குள் சிக்காமல் வேலைக்குச் சேர்வான். ரயிலின் பயனை அளக்க வேண்டிய கோல் இதுவே. சாலையின் வேகம் அன்று.

8. விலை என்னும் மூன்றாம் வழி

சாலையும் ரயிலும் நெரிசலைத் தீர்க்காவிடில் எதுதான் தீர்க்கும்? உச்ச நேரத்தில் சாலைக்கு விலை வைப்பது ஒன்றே நெரிசலை நேரடியாகக் குறைத்துள்ளது. சிங்கப்பூர் 1975லும், லண்டன் 2003லும், ஸ்டாக்ஹோம் 2006லும், நியூயார்க் 2025லும் இம்முறையைத் தொடங்கின. லாஸ் ஏஞ்சலிசில் 2012, 2013 ஆண்டுகளில் இரு சாலைகளின் சில தடங்களுக்கு மட்டும் நெரிசலுக்கேற்ப மாறும் கட்டணம் வந்தது.

இலவசமாக அளிக்கப்படும் எப்பொருளுக்கும் வரிசை உண்டாகும். நெரிசல் என்பது அத்தகைய வரிசையே. மக்கள் பணத்திற்குப் பதில் காலத்தைக் கொடுக்கின்றனர். இதனை மறுப்போர், பணக்காரன் பணம் கொடுத்து விரைவான், ஏழை என் செய்வான் என்று கேட்பர். நியாயமான கேள்வி. அவ்வருவாய் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் செல்லுமானால் விடை உண்டு; செல்லாவிடில் விடை இல்லை. மாற்று வழி இல்லாத ஊரில் சாலைக்கு விலை வைப்பது தண்டனை ஆகும். ஆகவே முதலில் பஸ், பின்னர் விலை என்பதே முறை.

9. நமக்கு இதனால் யாது பயன்?

அமெரிக்க நகரத்தின் கதை நம் நாட்டுக்குப் பொருந்துமா என்று நண்பர்கள் கேட்கலாம். டில்லியையே எடுத்துக்கொள்வோம். குர்காவுன் விரைவுச் சாலை 2008இல் திறந்தது. சுங்கச் சாவடியில் நின்ற வரிசை பெருந்துன்பமாகி, 2014இல் அச்சாவடி நீக்கப்பட்டது. 2002இல் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. 2004 முதல் பல்கலைக்கழகத்து வாயிலுக்கே வந்தது. ஊரைவிட்டு வந்து தொலைவில் அறை எடுத்துத் தங்கும் மாணவனுக்கு அது செய்த உதவி சிறிதன்று. ஆனால் 2017ஆம் ஆண்டில் இரு முறை கட்டணம் உயர்ந்து, உச்சக் கட்டணம் 30 ரூபாயிலிருந்து 60 ரூபாயாயிற்று. 2019 முதல் நகரப் பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிச் செல்லலாயினர். பாதை எங்குச் செல்கிறது என்பதோடு, சீட்டின் விலை என்ன என்பதும் மாணவன் எங்குப் படிக்கலாம், பெண் எங்கு வேலைக்குச் செல்லலாம் என்பதை முடிவு செய்கிறது. லாஸ் ஏஞ்சலிசில் பஸ் பயணிகள் வாதிட்டது இதனையே.

தொகுத்துக் கூறின்:

சாலையை அகலப்படுத்தினால் பயணம் பெருகும், நெரிசல் தீராது.
ரயில் கட்டினாலும் சாலை நெரிசல் நிலையாகத் தீராது. ஆனால் நெரிசலுக்கு வெளியே ஒரு வழி பிறக்கும்.
ரயில் நிறைவதற்கு மக்கள் நெருங்கி வாழும் இடத்தில் அது செல்ல வேண்டும்.
பஸ்ஸைப் பட்டினி போட்டு ரயிலை வளர்த்தல் அறம் ஆகாது, அறிவும் ஆகாது.
ஒரு திட்டத்தை ஆராயும்போது எத்தனை வண்டிகள் செல்லும் என்று கேளாது, எத்தனை மனிதர், எத்தகைய மனிதர், என்ன விலைக்குச் செல்வர் என்று கேட்க வேண்டும்.

நம்முள் சிலர் நாளை பொறியாளராகவும், அதிகாரியாகவும், நகரத் திட்டம் வகுப்போராகவும் அமர்வர். மேம்பாலத்தின் படம் அழகாக மேசைக்கு வரும். ரயிலின் படமும் அழகாக வரும். பஸ் நிறுத்தத்தில் நிற்பவரின் படம் எவரும் கொண்டு வரமாட்டார். அவரை நினைத்துப் பார்க்கும் பழக்கத்தை மாணவப் பருவத்திலேயே பழகிக்கொள்வோமாக.

பயிற்சி வினாக்கள்

(1) மேற்காட்டிய சாலையில் நெருக்கம் 30 எனில் ஓட்டம் எவ்வளவு? அதே ஓட்டம் கிடைக்கும் மற்றொரு நெருக்கம் யாது?
(2) மணிக்கு 2,000 வண்டிகளைக் கடத்தும் தடத்திற்கு மூன்று மணி நேரம் மணிக்கு 2,150 வீதம் வண்டிகள் வந்தால், கடைசி வண்டி எவ்வளவு நேரம் காத்திருக்கும்?
(3) உங்கள் விடுதியிலிருந்து நகர மையத்திற்குப் பஸ், ரயில், ஆட்டோ ஆகிய மூன்றிலும் சென்று, வாயிலிலிருந்து வாயில்வரை ஆகும் காலத்தையும் செலவையும் ஒரு வாரம் குறித்து ஒப்பிடுக.

விடை: (1) 1,680, நெருக்கம் 70. (2) பதின்மூன்றரை நிமிடம். (3) இதற்கு விடை உங்கள் ஊர்தான் கூறவேண்டும்.